உயரம் கொடுத்தும் ஒராங்குட்டான் தரையிலேயே உட்கார்ந்திருப்பது ஏன்?

கேள்வி இதுதான்: ஒரு பூங்காவில் ஒராங்குட்டான்களுக்காக 10 மீட்டர் உயரக் கான்கிரீட் மரங்கள், பாறைகள், சின்ன அருவி எல்லாம் வைத்து, பார்த்தால் காடு என்றே தோன்றும்படி அடைப்பிடம் கட்டியிருக்கிறார்கள். ஆனாலும் அவை நாள் முழுக்கத் தரையில், இரவுக் கூண்டின் கதவோரமாகவே உட்கார்ந்திருக்கின்றன. எங்கே தப்பு? ஏறித் திரியும் மனிதக் குரங்குகளுக்கு இயற்கையான இடம் அமைப்பது எப்படி?

கட்டியவர்கள் கண்ணை நம்பிக் கட்டியிருக்கிறார்கள். ஒராங்குட்டானோ இடத்தைக் கையாலும் காலாலும் அறிகிறது. கான்கிரீட் மரம் அசையாது. அடிமரம் கைக்கு அடங்காத பருமன், கிளைகளோ நான்கைந்துதான். ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குப் போகத் தரையில் இறங்கித்தான் ஆக வேண்டும். சாப்பாடு தரையில், தண்ணீர் தரையில், நிழல் சுவரோரம், பராமரிப்பாளர் வருவது கதவு வழியாக. மேலே ஏறினால் வெயில் மட்டும்தான் கிடைக்கும். அப்படியிருக்க அது ஏன் ஏற வேண்டும்? கதவோரம் உட்கார்ந்திருப்பதைச் சோம்பேறித்தனம் என்று சொல்லக்கூடாது. அந்த இடத்தில் அதுதான் சரியான கணக்கு.

மேலே இருப்பதற்குக் காரணம், தரையைத் தொடாத தொடர்ச்சியான பாதை, பிடித்தால் அசைகிற பிடிமானம் ஆகிய மூன்றும் இருந்தால்தான் உயரம் பயன்படும். இதில் ஒன்று குறைந்தாலும் 10 மீட்டர் உயரம் வெறும் அலங்காரம்.

முதலில் உடம்பைப் புரிந்துகொள்ள வேண்டும். ஒராங்குட்டான் தாவுகிற விலங்கு இல்லை. கன்னப்பட்டை (முகத்தின் இருபுறமும் வளரும் அகலமான சதை மடிப்பு) வளர்ந்த ஆண் காட்டில் 80, 90 கிலோ இருக்கும், பூங்காக்களில் 100 கிலோவைத் தாண்டுவது சாதாரணம். பெண் அதில் ஏறக்குறைய பாதி. இவ்வளவு எடையோடு மரத்தில் வாழும் வேறு விலங்கு கிடையாது. அதனால் அது எடையை ஒரே கிளையில் போடாமல் இரண்டு கை, இரண்டு கால் என நான்கு பிடிகளில் பிரித்துப் போடுகிறது. விரித்த கைகளின் நீளம் 2 மீட்டருக்கு மேல். இடுப்பு மூட்டு எந்தப் பக்கமும் திரும்பும், பாதம் இன்னொரு கை. இடைவெளி பெரிதாக இருந்தால், தான் பிடித்திருக்கும் மரத்தையே முன்னும் பின்னும் ஆட்டி, எதிர் மரம் கைக்கு எட்டியதும் மாறிக்கொள்கிறது. சுமத்திராவின் ஒராங்குட்டான்களை ஆராய்ந்த சூசன்னா தார்ப், ராபின் கிராம்ப்டன் குழுவினர் 2007-ல் வெளியிட்ட கணக்குப்படி, இப்படி மரத்தை ஆட்டிக் கடப்பதற்குத் தாவுவதில் ஆகும் ஆற்றலில் பாதிகூட ஆகாது. கீழே இறங்கி, நடந்து, மறுபடி ஏறுவதற்கு ஆவதில் சுமார் பத்தில் ஒரு பங்குதான். அசைவு அதற்கு வெறும் விளையாட்டு இல்லை, போக்குவரத்தே அதுதான். அசையாத மரத்தைக் கொடுத்தால், அந்த விலங்குக்கே உரிய திறமையை வாங்கி வைத்துக்கொள்கிறோம் என்று பொருள். தசை தளர்கிறது, எடை ஏறுகிறது, இதய நோயும் சர்க்கரை நோயும் பின்னாலேயே வருகின்றன.

கிப்பன் என்ற சின்ன மனிதக் குரங்கு முற்றிலும் வேறு. வெள்ளைக்கை கிப்பன் 5 முதல் 7 கிலோதான், கைக்குக் கை ஊசலாடிப் பறக்கிற விலங்கு. அதற்கு 25 முதல் 40 மி.மீ. பருமனுள்ள, உறுதியான, நீளமாகக் கிடைமட்டத்தில் ஓடும் பிடிகளும், நடுவே 3 முதல் 6 மீட்டர் வெற்றிடமும் வேண்டும். ஒராங்குட்டானுக்கான அடர்ந்த கயிற்று வலைப்பின்னலில் கிப்பனை விட்டால் ஊசலாட இடமிருக்காது. ‘மனிதக் குரங்கு அடைப்பிடம்’ என்று பொதுவாக ஒரு வரைபடம் போடுவதே ஆபத்து என்பதற்காக இதைச் சொல்கிறேன். கீழே வருவதெல்லாம் ஒராங்குட்டானை மனதில் வைத்து எழுதியது.

வரைபடத்தைத் தரையிலிருந்து தொடங்காதீர்கள். மேலிருந்து பார்ப்பதுபோல ஒரு தாள் எடுத்து, உச்சியில் இருக்க வேண்டிய இடங்களை முதலில் குறியுங்கள்: படுக்கை மேடைகள், உணவு வைக்கும் இடங்கள், தண்ணீர், நிழல், நல்ல காட்சி கிடைக்கும் மூலை, இரவுக் கூண்டின் வாசல். இரவுக் கூண்டின் வாசலும் மேலேயே, 3 அல்லது 4 மீட்டர் உயரத்தில் இருக்கட்டும். கதவு தரைமட்டத்தில் இருந்தால் ஒவ்வொரு நாளும் தரையில்தான் தொடங்கும், தரையில்தான் முடியும். பிறகு இந்த இடங்களைக் கோடுகளால் இணையுங்கள். எந்த முனையிலும் வெளியேற மூன்று வழிகளாவது இருக்க வேண்டும். இரண்டே வழி இருந்தால் பெரிய ஆண் நடுவில் உட்கார்ந்து ஒன்றை அடைத்துவிடும், ஒரே வழி என்றால் குட்டியோடு இருக்கும் தாய் அந்தப் பக்கமே போகாது. முட்டுச்சந்து எங்குமே கூடாது.

ஓர் ஆண், இரண்டு பெண், ஒரு குட்டி என்று வைத்துக்கொண்டால், 600 சதுர மீட்டர் பரப்பில் 10 முதல் 12 மீட்டர் உயரத்துக்குச் சுமார் 10 கம்பங்கள், 4 முதல் 6 மீட்டர் இடைவெளியில்; அவற்றுக்கு நடுவே கயிறு, வலை, தூளி, கழி எனக் குறைந்தது 35 இணைப்புகள்; 6, 7 படுக்கை மேடைகள். இது நல்ல தொடக்கம். இணைப்புகள் எல்லாம் ஒரே மட்டத்தில் இருக்கக்கூடாது. 3, 6, 9 மீட்டர் என மூன்று அடுக்காவது இருந்து, அடுக்குகளுக்கு நடுவே சாய்வான பாதைகளும் ஓட வேண்டும். குட்டிக்கும் மூட்டுவலி வந்த கிழட்டுப் பெண்ணுக்கும் ஒரு தனி வழி வேண்டும்: 30 பாகைக்கு மிகாத சாய்வு, பிடிகளுக்கு நடுவே 60 முதல் 80 செ.மீ. மற்ற இடங்களில் 1.5 முதல் 2 மீட்டர் இடைவெளிகளைத் துணிந்து விடுங்கள். தாய் தன் உடலையே பாலமாக நீட்ட, குட்டி மேலேறிக் கடப்பது காட்டில் தினமும் நடப்பது. எல்லா இடைவெளியையும் மூடிவிட்டால் அதற்கு அவசியமே இருக்காது.

இனி கயிறு. அதிகத் தவறு நடப்பது இங்கேதான், அதுவும் பெரும்பாலும் கயிற்றை விறைப்பாகக் கட்டுவதில். 12 மீட்டர் இடைவெளியில் ஒரு கயிறு, நடுவில் 100 கிலோ எடையில் ஓர் ஆண் தொங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கயிறு 30 செ.மீ. மட்டுமே தொய்ந்தால் அதில் ஏறும் இழுவிசை சுமார் 1,000 கிலோ. அதே கயிற்றை 1.2 மீட்டர் தொய்யவிட்டால் 255 கிலோதான். எடையை நீளத்தால் பெருக்கி, தொய்வின் நான்கு மடங்கால் வகுத்தால் ஏறக்குறைய இந்த விடை வரும். விலங்கோ சும்மா தொங்காது. குலுக்கும், மேலிருந்து விழுந்து பிடிக்கும், மூன்று பேர் சேர்ந்தும் ஏறுவார்கள். அதற்காக மும்மடங்காகக் கணக்கிட்டால், விறைத்த கயிறு கம்பத்தை 3 டன் விசையோடு இழுக்கிறது, தொய்ந்த கயிறு முக்கால் டன்னோடு. 8 மீட்டர் உயரத்தில் இந்த வேறுபாடு அடித்தளத்தின் செலவையே தீர்மானிக்கிறது. ‘அழகாக, நேராக’ இருக்கட்டும் என்று டர்ன்பக்கிளை (கயிற்றை இழுத்து இறுக்கும் திருகு) முறுக்குகிறவர்கள் ஆறு மாதத்தில் சாய்ந்த கம்பத்தைப் பார்ப்பார்கள். தொய்ந்த கயிறு அசையவும் செய்யும், நமக்கு வேண்டியதும் அதுதான்.

மணிலா கயிறு கைக்கு இதம், பார்க்கவும் நன்றாக இருக்கும். ஆனால் மழை பெய்யும் ஊரில் உள்ளிருந்து அழுகும், வெளிப்புறம் நன்றாகவே தெரியும். எடை தாங்கும் இடங்களில் அதை நம்பாதீர்கள். சிறுவர் பூங்காக்களின் ஏறுவலைகளில் வருகிற, உள்ளே எஃகுக் கம்பி இழைகளும் வெளியே பாலியெஸ்டர் உறையும் கொண்ட 16 மி.மீ. கயிறு நீண்ட நாள் உழைக்கும், பிரித்தெடுப்பதும் கடினம். மிக முக்கியமான பாதைகளுக்கு அது. மற்ற இடங்களுக்கு வயதாகி ஓய்வு பெற்ற தீயணைப்புக் குழாய் அருமையான பொருள். தீயணைப்பு நிலையங்களில் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும். 63 மி.மீ. அகல உருளைக் குழாயைத் தட்டையாக்கி, பாய் பின்னுவதுபோல் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, ஒவ்வொரு சந்திப்பிலும் அகலமான வாஷர் வைத்து போல்ட் போட்டால், ஓர் ஆண் படுத்துறங்கும் தூளி தயார். போல்டின் தலை விலங்கு தொடும் பக்கம், வழவழப்பான வட்டத் தலையாக இருக்கட்டும். நட்டு மறுபக்கம். நட்டைத் தாண்டி நீளும் திருகை வெட்டி, வெல்டிங் பொட்டு ஒன்று வைத்துவிடுங்கள், அல்லது இறுக்கியதும் தலை முறிந்துபோகும் வகை நட்டுகளைப் போடுங்கள். சாதாரண நட்டை ஒராங்குட்டான் விரலாலும் பல்லாலும் நாள்கணக்கில் பொறுமையாகத் திருகிக் கழற்றும். கயிற்றைக் கொளுவும் இரும்பு வளையங்களான ஷேக்கில்களின் ஊசியும் அப்படித்தான்.

கயிற்றில் உயிராபத்து இரண்டு. முதலாவது, சுருக்கு. ஒரு முனை மட்டும் கட்டிய, வளையக்கூடிய கயிற்றில் குட்டி சுழன்று விளையாடும்போது கழுத்தில் சுற்றிக்கொள்ளும். ஆகவே இரண்டு முனையும் கட்டப்பட்டிருக்க வேண்டும். தொங்கவிட்டே ஆக வேண்டுமானால் குழாய்க்குள் செருகி, சுருண்டு வளையமாகாத அளவுக்கு விறைப்பாக்கித் தொங்கவிடுங்கள். பின்னிய வலையிலும் மேடைச் சட்டத்திலும் குட்டியின் தலை உள்ளே போய்த் திரும்பி வராத அளவுத் துளைகள் கூடாது. துளை தலை நுழையாத அளவு சின்னதாக இருக்கட்டும், அல்லது உடம்பே தாராளமாகப் போகும் அளவு பெரிதாக இருக்கட்டும். இரண்டாவது, பிரிந்த நார். நைலான் நார்களை இழுத்து மெல்லும் விலங்குகள் உண்டு. வயிற்றில் சேர்ந்து குடலை அடைக்கும். பராமரிப்பாளர் கையில் தினமும் ஒரு பட்டியல் இருக்க வேண்டும்: எந்த இணைப்பு, எங்கே பிரிகிறது, என்று மாற்ற வேண்டும்.

ஆடும் கம்பங்கள் தனிக்கலை. சாதாரண இரும்புக் குழாயை நட்டுவிட்டு ஆடும் என்று எதிர்பார்ப்பது அடிக்கடி நடக்கும் தவறு. 60 மி.மீ. வெளிவிட்டமும் 3.2 மி.மீ. தடிப்பும் உள்ள குழாய், தரைக்கு மேல் 6 மீட்டர் நின்று, நுனியை 60 கிலோ பெண் தன் முழு எடையளவு விசையோடு பக்கவாட்டில் இழுத்தால், ஏறத்தாழ 90 செ.மீ. வளைய வேண்டிய கணக்கு வரும். ஆனால் அந்த வளைவில் அடிப்பகுதியின் தகைவு (உள்ளே ஏறும் அழுத்தம்) சாதாரண இரும்பின் எல்லையைத் தாண்டிவிடும், வளைந்தது நிமிராது. நிமிரும் அளவுக்குத் தடித்த குழாய் போட்டால் ஆடவே ஆடாது. மரம் இந்த விஷயத்தில் மேல். அடியில் 12 செ.மீ. விட்டமுள்ள, முடிச்சு குறைந்த 6 மீட்டர் மரக்கழி அதே விசைக்குச் சுமார் 40 செ.மீ. வளையும், நுனி நோக்கி மெலிந்திருந்தால் இன்னும் கூடுதலாக, பத்திரமாகத் திரும்பியும் வரும். அதே கழியை 100 கிலோ ஆண் முழு வேகத்தில் ஆட்டினால் முறிகிற எல்லைக்கு வந்துவிடும். அதனால் ஆணுக்கான பாதைகளில் 15, 16 செ.மீ. கழி. கண்ணாடியிழைக் குழாய் நன்றாகவே ஆடும், ஆனால் கடித்துப் பிளந்தால் நார் உதட்டில் ஏறும், எனவே உறை போட்டே பயன்படுத்த வேண்டும். பச்சை மூங்கில் கொத்தாகக் கிடைக்கும் ஊர்களில் அதையே சொருகி, ஒடிந்ததும் மாற்றிக்கொண்டிருப்பது மலிவான, நல்ல வழி. ஒடிவது தோல்வி ஆகாது. ஒடித்த மூங்கிலை அவை மேலே இழுத்துப் போய்ப் படுக்கைக்கு அடியில் வைத்துக்கொள்ளும்.

பெரிய கம்பங்கள் அழுகுவது எப்போதும் தரைமட்டத்தில்தான். ஈரமும் காற்றும் சேருமிடம் அது. கம்பத்தை நேரடியாகக் கான்கிரீட்டில் புதைத்தால் அழுகியதும் பிடுங்க முடியாது. கான்கிரீட்டில் எஃகு உறை ஒன்றைப் பதித்து, அதன் அடியில் சரளையும் வடிகாலும் கொடுத்து, கம்பத்தை உறைக்குள் இறக்கி ஆப்பு அடியுங்கள். மின்கம்பம் நடுவோர் நீளத்தில் பத்தில் ஒரு பங்கோடு 60 செ.மீ. சேர்த்துப் புதைப்பார்கள், 10 மீட்டர் கம்பத்துக்கு 1.6 மீட்டர். இங்கே பக்கவாட்டு இழுவை அதிகம் என்பதால் 2 மீட்டருக்குக் குறையாமல் போங்கள், மண் தளர்வாக இருந்தால் பொறியாளர் சொல்கிற வரைக்கும். ஒரு கம்பத்தில் வந்து சேரும் கயிறுகள் எதிரெதிர்ப் பக்கங்களில் இருந்தால் இழுவைகள் ஒன்றையொன்று சமன்செய்யும். எல்லைக் கம்பங்களில் மட்டும் அது முடியாது, அங்கே முக்காலிச் சட்டமாக மூன்று கம்பங்களைச் சேர்த்துக் கட்டுவது நல்லது. முக்காலியின் உச்சி படுக்கை மேடைக்கும் பொருத்தமான இடம்.

மேடை 1.5 மீட்டர் சதுரத்துக்குக் குறையக்கூடாது. விளிம்பு 20 செ.மீ. உயர்ந்திருந்தால் படுக்கைப் பொருள் கீழே சரியாது. ஒராங்குட்டான் காட்டில் அநேகமாக ஒவ்வோர் இரவும் புதுக் கூடு கட்டும், பகலிலும் ஓய்வெடுக்கச் சின்னதாக ஒன்று கட்டும். தாயோடு ஏழெட்டு ஆண்டுகள் இருந்து பார்த்துக் கற்கும் வேலை அது. ஆகவே மேடை மட்டும் கொடுத்தால் போதாது, கட்டுவதற்குப் பொருளும் வேண்டும்: தினமும் இலையோடு வெட்டிய கிளைகள், வைக்கோல், சாக்கு, மரச்சீவல். விலங்குகளின் எண்ணிக்கையைவிட இரண்டு மேடை கூடுதலாக இருக்கட்டும், இல்லாவிட்டால் சண்டை. மேடைக்கு மேல் கூரை போடுங்கள். நல்ல மழையில் ஒராங்குட்டான் பெரிய இலையைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு உட்காரும் விலங்கு, நனைய அதற்கு விருப்பமில்லை.

உயிருள்ள மரங்கள் வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும், ஆனால் ஒராங்குட்டான் கைக்கு எட்டும் மரம் நாளும் ஒடிபட்டு, பட்டை உரிந்து, ஓரிரு ஆண்டில் பட்டுப்போகும். சிறிய இடத்தில் அதைத் தடுக்க வழியில்லை. சிங்கப்பூர்ப் பூங்காவில் அவை பார்வையாளர் தலைக்கு மேல் பெரிய மரங்களிலும் கயிறுகளிலும் திரிவதைப் பார்க்கிறோம். முதிர்ந்த மரங்களும், ஆண்டு முழுக்க வளர்ச்சி தரும் வெப்பமண்டல மழையும் இருப்பதால் அங்கே அது நடக்கிறது. மற்ற இடங்களில் மரத்தை மூன்று விதமாகப் பிரியுங்கள். காக்க வேண்டிய பெரிய மரத்தின் அடிமரத்தில் மின்கம்பி சுற்றுங்கள், பக்கத்தில் சாய்க்கக்கூடிய கிளை எதுவும் கிடக்கக்கூடாது. நெதர்லாந்தின் ஆர்னம் நகரில் பர்கர்ஸ் பூங்காவின் சிம்பன்சிகள், மின்கம்பி சுற்றிய மரத்தில் ஒடிந்த கிளையை ஏணியாகச் சாய்த்து, ஒன்று பிடித்துக்கொள்ள மற்றொன்று ஏறியிருக்கின்றன. இரண்டாவது, தின்னவும் ஒடிக்கவுமே வளர்ப்பது: மூங்கில், ஆல், அத்தி வகைகள். இவற்றை விலங்கு வருவதற்கு இரண்டு மூன்று ஆண்டு முன்பே நட்டு வேர் பிடிக்கவிட வேண்டும். திறப்பு விழாவுக்கு முந்தின வாரம் லாரியில் கொண்டுவந்து நட்டால் ஒரு மாதம்கூடத் தாங்காது. மூன்றாவது, எல்லைக்கு வெளியே நிற்கும் மரங்கள். பார்வையாளர் கண்ணில் காடு என்ற உணர்வைத் தருவது பெரும்பாலும் இவைதான். 1970களின் பிற்பகுதியில் சியாட்டில் உட்லண்ட் பார்க் பூங்காவுக்கு ஜோன்ஸ் அண்ட் ஜோன்ஸ் நிறுவனம் வடிவமைத்த கொரில்லா வெளி இந்த முறையை உலகுக்குக் காட்டியது: விலங்கின் இடத்திலும் பார்வையாளரின் பாதையிலும் ஒரே வகைச் செடிகள், நடுவே தடுப்பு கண்ணில் படாது. உள்ளே கயிறும் குழாயுமாகத் தொழிற்கூடம்போல் இருந்தாலும் சுற்றிலும் பச்சை இருந்தால் கண் ஏற்றுக்கொள்ளும். அரளி, ஊமத்தை, எருக்கு போன்றவற்றை உள்ளே மட்டுமில்லை, கை நீட்டினால் எட்டும் தொலைவிலும் வைக்கக்கூடாது.

தடுப்புக்கு வருவோம். ஒராங்குட்டான் தப்புவது பலத்தால் இல்லை, பொறுமையால். 1968-ல் ஒமாஹா பூங்காவில் ஃபூ மான்சூ என்ற ஆண், ஒரு கம்பித் துண்டை உதட்டுக்குள் ஒளித்துவைத்துத் தாழ்ப்பாளைத் திறந்து திரும்பத் திரும்ப வெளியே வந்தது. 1985-ல் சான் டியேகோவில் கென் ஆலன் சுவரேறி வெளியே வந்து மற்ற விலங்குகளை வேடிக்கை பார்த்துக்கொண்டு நடந்தது. அடுத்தடுத்துத் தப்பவே, விரல் பிடிக்கும் இடங்களைக் கண்டுபிடிக்க மலையேற்ற வீரர்களை வரவழைக்க வேண்டியதாயிற்று. 2009-ல் அடிலெய்டில் கர்தா என்ற பெண் மின்கம்பியில் குச்சியைச் செருகி மின்சாரத்தை முடக்கி, கிடந்த செத்தைகளைக் குவித்து, அதன்மேல் ஏறிச் சுவருச்சிக்குப் போய்ச் சிறிது நேரம் உட்கார்ந்துவிட்டுத் தானாகவே உள்ளே திரும்பியது. மூன்று சம்பவத்துக்கும் மூன்று பாடம். பூட்டு விலங்கு பார்க்காத, தொடாத பக்கத்தில், இரண்டாக இருக்க வேண்டும். செயற்கைப் பாறையின் சொரசொரப்பு எல்லைச் சுவரில் கூடவே கூடாது. மின்கம்பியை மட்டும் நம்பி எல்லை அமைக்கக்கூடாது. அது வேறொரு தடுப்புக்குத் துணை மட்டுமே, மின்னழுத்தம் குறைந்தால் அலறும் மணியும் வேண்டும்.

சுவர் 5 மீட்டர் வரை வழவழப்பாக இருக்கட்டும். உள்மூலைகள் செங்கோணமாக இருந்தால் இரண்டு பக்கமும் கைகால் ஊன்றி ஏறிவிடும், அகலமாக வளைத்துவிடுங்கள். உள்ளே இருக்கும் எந்தக் கம்பமும் அடியோடு முறிந்து எந்தத் திசையில் விழுந்தாலும் சுவரின் மேல் படக்கூடாது. ஆடும் கழிக்கு அதன் முழு வளைவோடு விலங்கின் கை நீளத்தையும் ஒரு மீட்டர் உபரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கிளைகள் வளர்வதை மறந்துவிடுவார்கள், ஆண்டுக்கு இருமுறையாவது அளந்து வெட்ட வேண்டும்.

தண்ணீர் அகழி பார்க்க அழகு, ஆனால் மனிதக் குரங்குகளுக்கு இயல்பாக நீச்சல் வராது. மூழ்கிச் செத்த சிம்பன்சி, கொரில்லாக்கள் பல. அகழி வேண்டும் என்றால் விலங்கின் பக்கம் படிப்படியாக ஆழமாகும் சரிவு, நீருக்கடியில் பிடித்து ஏற வலை, ஆழம் தொடங்கும் முன் நாணல் வேலி எல்லாம் வேண்டும். கிப்பன் தீவுக்கு அகழி பொருந்தும், ஆனால் உயரத்திலிருந்து 10 மீட்டர் தாண்டக்கூடியது என்பதை நினைவில் வைத்துக் கரையோர மரங்களை அளக்க வேண்டும்.

ஏறும் விலங்குக்கு மிகச் சிறந்த எல்லை, என் கணிப்பில், மேலேயும் மூடிய கம்பிவலை. சுவர் ஏறுவதற்கு உதவாத வெற்றுப்பரப்பு. வலையோ நான்கு பக்கமும் கூரையும் முழுக்கப் பிடிகள் நிறைந்த பாதை. அதே பரப்பில் பயன்படும் இடம் பல மடங்காகிறது, எல்லைத் தூரத்தைக் கணக்கிட்டுக் கம்பங்களைத் தள்ளி வைக்க வேண்டியதும் இல்லை. கடலோர ஊர் என்றால் 316 வகைத் துருப்பிடிக்காத எஃகில், 3 மி.மீ. பருமக் கம்பிவடத்தால் கையால் பின்னிய, 50 மி.மீ. கண்ணுள்ள வலை. கறுப்பேற்றிய வகையை வாங்கினால், பின்னால் இருண்ட பச்சை இருக்கும்போது வலை கண்ணுக்கே தெரியாமல் போகும். 50 மி.மீ. கண்ணில் விரலும் குட்டியின் கையும் வெளியே வரும், ஆகவே பார்வையாளரை 2 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். அது நோய்க்காகவும்தான், நம் சளியும் காய்ச்சலும் காசநோயும் அவற்றுக்குத் தொற்றும், ஒராங்குட்டானின் தொண்டைக் காற்றுப்பையில் சீழ் கட்டினால் குணப்படுத்துவது கடினம். நெருங்கிப் பார்க்க ஓரிரு இடங்களில் கண்ணாடி வையுங்கள். மூன்று அடுக்கு ஒட்டி, மொத்தம் 36 மி.மீ.க்குக் குறையாமல். கண்ணாடிக்கு உட்புறம் நிழலும், வெளியே பார்வையாளர் நிற்குமிடம் இன்னும் இருட்டாகவும் இருந்தால் பிரதிபலிப்பு குறையும். பார்வையாளர் கண்மட்டம் விலங்கின் கண்மட்டத்துக்கு மேலே இருக்கவே கூடாது. மேலிருந்து மனிதர்கள் குனிந்து பார்க்கும் இடத்தில் மரவாழ் விலங்கு நிம்மதியாக இருக்காது.

வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் தேசியப் பூங்கா 1995-ல் வேறொரு வழி காட்டியது. இரண்டு கட்டடங்களுக்கு நடுவே சுமார் 15 மீட்டர் உயரக் கோபுரங்கள், அவற்றை இணைக்கும் கம்பிவடங்கள். கீழே மக்கள் நடக்க, ஒராங்குட்டான்கள் விரும்பினால் மேலே கடந்து அடுத்த கட்டடத்துக்குப் போகும், விரும்பாவிட்டால் போகாது. கோபுரங்களில் மேடைக்குக் கீழே மின்கம்பிப் பாவாடை இருப்பதால் இறங்குவதில்லை. இதில் நான் பெரிதாக மதிப்பது எங்கே இருப்பது என்று விலங்கே தீர்மானிப்பதைத்தான், உயரமெல்லாம் அடுத்தது. சிறிய பூங்காவிலும் இரண்டு அடைப்பிடங்களை மேல்மட்டச் சுரங்க வலையால் இணைத்து அந்தத் தீர்மானத்தைக் கொடுக்க முடியும். ஒராங்குட்டான் கூட்டமாக வாழும் விலங்கு இல்லை, சேர்வதும் பிரிவதும் அதன் இயல்பு. ஒரே பெரிய திடலைவிட, கதவுகளால் சேர்க்கவும் பிரிக்கவும் முடிகிற மூன்று நடுத்தர அடைப்பிடங்கள் மேல். பெரிய ஆண் பக்கத்திலேயே இருந்தால் இளைய ஆணுக்குக் கன்னப்பட்டை வளராமலே ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போகும் என்பதையும் இதோடு சேர்த்துக் கணக்கில் எடுங்கள்.

தரையை ஒதுக்கிவிட முடியாது. வெறும் கான்கிரீட் கழுவ எளிது, மற்ற எதற்கும் ஆகாது. கீழே சரளை வடிகால், மேலே வடிகட்டித் துணி, அதன்மேல் 50, 60 செ.மீ. மரப்பட்டைத் தூள் என்று போட்டால், விழுந்தாலும் அடிபடாது, நாற்றமும் குறையும். ஆனால் ஈரமான மண்ணில் ஸ்ட்ராங்கிலாய்டிஸ் என்ற குடற்புழு பெருகும், ஒராங்குட்டான் குட்டிகளைக் கொல்லக்கூடியது அது. தென்கிழக்காசிய மண்ணில் உள்ள மெலியாய்டோசிஸ் நோயின் கிருமியும் ஆபத்தானது. சாணப் பரிசோதனை தவறாமல் நடக்க வேண்டும், எப்போதும் ஈரமாகும் மூலைகளின் மேல்படலத்தை அள்ளி மாற்ற வேண்டும். விலங்குகள் மேலேயே வாழ்ந்தால் இந்தத் தொல்லை பெரிதும் குறையும் என்பது உயரத்துக்கு இன்னொரு நியாயம்.

அந்தப் பூங்காவின் கான்கிரீட் மரங்களை இடிக்க வேண்டாம். அவை நல்ல நங்கூரங்கள். அவற்றில் எஃகுப் பட்டைகளை வளைத்துப் பூட்டி, கயிறும் தூளியும் ஆடும் கழியும் இணைத்து, தரை தொடாத ஒரு சுற்றுப்பாதையை முதலில் முடித்துவிடுங்கள். பட்டை பூட்டுமுன் உள்ளே இருக்கும் எஃகுச் சட்டம் இந்த இழுவைக்குத் தாங்குமா என்று பொறியாளர் பார்க்க வேண்டும், மேலே பூசிய சிமென்ட் தோலை நம்பி வெறும் ஆங்கர் போல்ட் அடித்தால் பெயர்த்துக்கொண்டு வரும். அன்றைக்கே உணவை மேலே மாற்றுங்கள். ஒரே வேளையாகக் கொட்டாமல் ஐந்தாறு முறை, வெவ்வேறு முனைகளில், 6 மீட்டருக்கு மேல். தொங்கும் வலைக்கூடையில் இலைதழை, துளையிட்ட குழாய்க்குள் காய்கறித் துண்டு. ஒரு கையால் தொங்கிக்கொண்டே மறுகையால் எடுக்கும்படி வைத்தால், காட்டில் தின்பதுபோலவே தின்னும். பராமரிப்பாளரும் மேல்மட்ட வலைப் பலகணி வழியாகவே பேசவும் பயிற்சி கொடுக்கவும் வேண்டும். அவர் எங்கே வருகிறாரோ அங்கேதான் அவை உட்கார்ந்திருக்கும்.

மாற்றும் முன் இரண்டு வாரமும், மாற்றிய பின் மூன்று மாதமும், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு விலங்கும் எந்த உயரத்தில், எதைப் பிடித்து, தொங்கியா உட்கார்ந்தா இருக்கிறது என்று குறியுங்கள். சராசரியை மட்டும் பார்க்காதீர்கள். யாருமே தொடாத இணைப்புகள் எவை என்று பாருங்கள். தொடாததற்கு ஒரு காரணம் இருக்கும். பிற்பகல் வெயிலில் சுடும் உலோகமாக இருக்கலாம், ஆணின் இருக்கைக்கு மிக அருகே இருக்கலாம், ஆட்டம் போதாமல் அடுத்த பிடிக்குக் கை எட்டாமல் போகலாம். வயதான விலங்குகள், குறிப்பாகத் தரையிலேயே வளர்ந்தவை, ஏற மாதக்கணக்கில் ஆகலாம். அவற்றுக்காகத் தாழ்ந்த அடுக்கைப் பெருக்குங்கள், பட்டினி போட்டு ஏற்றாதீர்கள்.

கட்டும்போதே இன்னொன்றும் செய்துவிடுங்கள்: கம்பங்களுக்குத் தேவைப்படும் 10 எஃகு உறைகளோடு, மூடி போட்ட வெற்று உறைகள் 6 கூடுதலாகத் தரையில் பதியுங்கள், கிரேன் உள்ளே வர 3.5 மீட்டர் அகல வழி ஒன்றும் விடுங்கள். பாதைகளை ஆண்டுதோறும் மாற்றியமைக்க வேண்டியிருக்கும். வழியும் உறையும் இல்லாத இடத்தில் முதல் ஆண்டின் வடிவமே இருபது ஆண்டுக்கும் நின்றுவிடும்.